‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்று தம்பி சொன்னால்

கேள்வி: நான் மட்டக்களப்பில் போரதீவுப்பற்றில் வசிக்கிறேன். தம்பிக்கு 31 வயது. கட்டாருக்குப் போனவன் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிட்டான். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. ஏஜென்சிக்குக் கட்டிய காசு வட்டிக்கு எடுத்தது. அம்மாவின் பெயரில் கிழமைக் கடனும் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன் மனைவியோடு பிரச்சினையாகி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டான். நித்திரை இல்லை, இரவில் குடிக்கிறான். போன கிழமை “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்றான். ஆசையாக வைத்திருந்த மோட்டார் சைக்கிளைக் கூட்டாளிக்குச் சும்மா கொடுத்துவிட்டான். அம்மா கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் கணவர் “சும்மா வெருட்டுறான்” என்கிறார். நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் விசர் என்று பேர் வரும், பொலிஸ் கேஸாகும் என்று சொல்கிறார்கள். வயல் மருந்தெல்லாம் வீட்டு விறாந்தையில்தான் கிடக்கிறது. நான் இருபது நாளாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசித்து முடிப்பதற்கு முன் எழுந்துபோய் ஒரு வேலையைச் செய்துவிட்டு வாருங்கள். விறாந்தையில் கிடக்கும் கிருமிநாசினி, களைநாசினிப் போத்தல்கள் எல்லாவற்றையும், பாதி முடிந்தது, அடியில் கொஞ்சம் கிடப்பது உட்பட, ஒரு பையில் போட்டு அந்த வளவை விட்டே வெளியேற்றுங்கள். வயல் வாடியில் இருப்பதையும் சேர்த்துத்தான். தம்பி போய்க் கேட்டாலும் எடுத்துக் கொடுக்காத ஒரு உறவினர் வீட்டிலோ, வாங்கிய கடையிலோ கொடுத்து வைக்கலாம். வாய்க்காலில் ஊற்றாதீர்கள், சோடாப் போத்தலுக்கு மாற்றாதீர்கள். வயலுக்குத் தேவைப்படும் நாளில் அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் வேறொருவர் கொண்டுவந்து, அடித்து முடித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போகட்டும். வயல் மருந்துக்கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “தம்பி வந்தா குடுக்காதீங்க, எனக்கு ஒரு கோல் எடுங்க.” இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

பெட்டியில் போட்டுப் பூட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை. 2017 இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாவி வைக்கும் இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்தானே. ஆகவே பெட்டியை நம்பாமல், வளவை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

“சாக நினைச்சவன் எப்படியும் சாவான், இதை எடுத்தா வேறொண்டு” என்று யாராவது சொல்வார்கள். இந்த நாட்டின் கணக்கே அதைப் பொய்யாக்கியிருக்கிறது. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. அந்த வருடமும் 1998 இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை அரசாங்கம் தடைசெய்தது. 2005 ஆகும்போது அந்த எண்ணிக்கை 24 ஆகிவிட்டது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அப்போது குறையவில்லை. மனவேதனை அப்படியே இருந்தது, கைக்கு எட்டிய பொருள்தான் மாறியது, அதனால் ஆயிரக்கணக்கானோர் உயிரோடு வீடு திரும்பினார்கள். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில், சில மணித்தியாலங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை முயன்று தப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

அம்மாவின் சீனி, பிறஷர்க் குளிசைகளும் இதே கணக்குத்தான். கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு, சில நேரம் அதற்கும் மேலாக, ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பையை நீங்கள் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு மூன்று நாளைக்கு உரியதை மட்டும் அம்மாவிடம் கொடுங்கள். பனடோல் அட்டைகளையும் பழைய மருந்துகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இனி “வெருட்டு” என்ற பேச்சு. வெருட்டுகிறவர் மோட்டார் சைக்கிளைத் தானம் கொடுப்பதில்லை. ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்துத் தீர்ப்பது, கடன் கணக்கை ஒப்படைப்பது, காரணமில்லாமல் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது, கிழமைக்கணக்காகக் குழம்பித் திரிந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது ஆகியவை, முடிவு எடுத்துவிட்ட ஒருவரிடம் காணப்படும் அடையாளங்கள். நித்திரையின்மை, குடி, கடன், பிரிவு, “நான் பாரம்” என்ற பேச்சு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. முன்பு ஏதாவது முயற்சி செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அது இருந்திருந்தால் ஆபத்து இன்னும் பல மடங்கு. உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால் இது இந்தக் கிழமைக்குள் வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம். அடுத்த மாதக் கிளினிக்குக்குத் தள்ளிவைக்க முடியாது.

கேட்பதால் எண்ணம் புகுவதில்லை. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்துவிட்டார்கள். அந்த எண்ணம் இல்லாதவருக்குக் கேள்வியால் அது வருவதில்லை, இருப்பவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது, பாரம் குறைகிறது. குடித்திருக்கும் நேரத்தில் கேட்காதீர்கள். அம்மாவின் முன்னாலும் வேண்டாம். காலையில் அல்லது பின்னேரம், வயல் வரம்பிலோ கிணற்றடியிலோ இரண்டு பேரும் ஏதாவது கைவேலையாக இருக்கும்போது கேட்பது நல்லது. முகத்துக்கு முகம் பார்த்து உட்காரவைத்தால் ஆண்கள் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். முதலில் கண்டதைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்: “தம்பி, நீ நித்திரை கொள்ளுறல்ல, பைக்கையும் குடுத்துட்டாய். எனக்குப் பயமாக் கிடக்கு. ஒனக்குச் செத்துப்போகணும் எண்டு யோசினை வருதா?” செத்துப்போவது என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். “பிழையா ஏதும் செய்ய மாட்டாய்தானே?” என்று கேட்டால் அதிலேயே “மாட்டேன்” என்ற பதில் ஒளிந்திருக்கிறது, அவரும் அதையே எடுத்துத் தந்துவிடுவார்.

“வருகுது” என்றால் பதறாமல் அடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எத்தனை நாளாக வருகிறது? எப்படி என்று யோசித்தாயா? அதற்கு ஏதும் எடுத்து வைத்திருக்கிறாயா? எப்போது என்று நினைத்தாயா? எண்ணம் மட்டும் என்றால் ஓரிரு நாளுக்குள் வைத்தியசாலை. வழியும் பொருளும் நேரமும் சொல்லிவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலை, போய்ச் சேரும்வரை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. “ஒருவரிடமும் சொல்லாதே” என்று கேட்டால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். “ஊருக்குச் சொல்ல மாட்டேன், ஆனா ஒன்னக் காப்பாத்தப் போதுமான ஆக்களுக்குச் சொல்லுவேன்” என்று நேரே சொல்லிவிடுங்கள்.

பதிலைக் கேட்டபின் நம் வாய் சும்மா இருக்காது. “அம்மாவை நினைச்சுப் பார்”, “பிள்ளைகளுக்கு ஆர் இருக்கா”, “அவனவன் சண்டையில எல்லாத்தையும் இழந்துட்டு வாழுறான்” எல்லாம் வரிசையாக வரும். தன்னால் எல்லாருக்கும் தொல்லை என்று நம்பியிருக்கும் மனிதருக்கு இது இன்னொரு குற்றப்பத்திரிகை. “இவ்வளவத்தையும் வச்சுக்கொண்டா திரிஞ்சாய்?” என்று கேட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். அவர் மனதை மாற்றுவது உங்கள் வேலை அல்ல, அது வைத்தியமும் காலமும் செய்வது. அதுவரை அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருளை எட்டாமல் வைத்திருப்பதுதான் உங்கள் பங்கு.

அம்மா வாங்கிய கற்பூரச் சத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தாயின் தவிப்பு புரிகிறது. ஆனால் “செய்யமாட்டேன்” என்று வாங்கும் சத்தியம் ஒருவரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. வைத்தியர்களே ஒரு காலத்தில் இப்படி எழுத்தில் கையொப்பம் வாங்கிப் பார்த்துக் கைவிட்டார்கள். எண்ணம் திரும்பி வரும்போது, சத்தியத்தை மீறிய பாவம் என்று அதை மறைப்பார். அதுதான் ஆபத்து. சத்தியம் வேண்டும் என்றால் வேறொன்றை வாங்கச் சொல்லுங்கள்: “அந்த யோசினை வந்தா, எந்த நேரம் எண்டாலும் அக்காவை எழுப்புவன்.”

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுத்துக்கு இடையில் தெரிகிறது. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில் இருப்பார். பிரிந்து வந்தால் அவர் திரும்பும் வீடு அவருடையது அல்ல, தங்கைக்கோ அக்காவுக்கோ எழுதிய, அல்லது எழுதப்போகும் வீடு. விறாந்தையில் ஒரு பாய், கொடியில் நாலு சட்டை. “நான் பாரம்” என்ற பேச்சில் பாதி அந்தப் பாயில் இருந்துதான் வருகிறது. அந்த வீடு எந்தச் சகோதரிக்கு உரியதோ அவர் தன் வாயால் “இது ஒன்ட வீடும்தான்” என்று சொல்லட்டும். உடுப்பு வைக்க ஒரு அலுமாரித் தட்டு, கட்டில் போட ஒரு மூலை ஒதுக்கிக் கொடுங்கள். நூறு புத்திமதிக்கு இது மேல்.

இனி வைத்தியசாலை. உங்களுக்குக் கிட்டியது பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவும் வாட்டும் உண்டு. கல்முனைப் பக்கம் உறவினர் இருந்தால் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. எங்கும் காசு இல்லை. ஆபத்து அன்றைக்கே என்றால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம், எந்த ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் எந்த நேரமும் போகலாம். அவசரம் இல்லையென்றால் காலையிலேயே போய் ஓ.பி.டி. சீட்டு எடுத்து, உளநலப் பிரிவுக்கு வந்தோம் என்று சொல்லுங்கள்.

அங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. வைத்தியர் கேட்பார், தம்பி “ஒண்டுமில்ல டொக்டர், நித்திரதான் வருகுதில்ல” என்பார். வெளியே நூறு பேர் வரிசை. நித்திரைக் குளிசை எழுதி அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்கு வருவது இன்னொரு குளிசை அட்டை. இதைத் தடுக்க வழி, முதல்நாளே அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோவது: எத்தனை கிழமையாக நித்திரை இல்லை, சாப்பாடு எப்படி, எவ்வளவு குடிக்கிறார், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, பைக்கைக் கொடுத்த திகதி, முன்பு முயற்சி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்ததா, வேறு என்ன மருந்து பாவிக்கிறார். கடைசி வரியில் “சாகப்போவதாகச் சொல்கிறார், வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது” என்று எழுதுங்கள். அதைத் தாதியிடமோ வைத்தியரிடமோ கொடுத்து, தனியாக இரண்டு நிமிடம் பேசக் கேளுங்கள். அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.

கண் காட்டப் போகிறோம், அம்மாவுக்கு மருந்தெடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அன்றைக்கு வேலை நடக்கும், அடுத்த கிளினிக்குக்கு வர மாட்டார். “எனக்கு ஒன்னப் பத்திப் பயமாக் கிடக்கு, எனக்காக ஒருக்கா வா” என்பது உண்மையும் கூட, பலிப்பதும் அதுதான். அக்கா சொல்லிக் கேட்காவிட்டால் கட்டாரில் ஒன்றாக இருந்த கூட்டாளியோ, மதிக்கும் மாமாவோ, பழைய ஆசிரியரோ கேட்கட்டும். நித்திரைக்கு மருந்தெடுக்க என்று அவரே சம்மதித்தால் அதுவும் போதும், வாசல் எதுவானாலும் சரி. எதற்கும் மறுத்து, சாவு பற்றியே பேசிக்கொண்டிருந்தால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். ஆட்களை அடிக்கவோ ஆயுதம் தூக்கவோ போனால் பொலிஸின் 119.

பொலிஸ் பயத்துக்கு: தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றமாக இருந்தது உண்மை. 1998 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஊருக்குள் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. நஞ்சருந்தி வருபவரிடம் வைத்தியசாலைப் பொலிஸ் ஒரு வாக்குமூலம் எடுத்தாலும் அது வழக்கல்ல. எண்ணம் வந்ததற்காக மருந்தெடுக்கப் போகிறவரிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. விசர் என்ற பேர் பற்றி உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது, ஊர்வாய் அப்படி. ஆனால் அந்தக் கிளினிக் வரிசையில் உங்கள் ஊர் ஆசிரியரும் கடைக்காரரும் மீன்காரரும் இருப்பார்கள். பெரும்பாலானோர் மருந்தோடு வீட்டுக்குத்தான் போகிறார்கள், வாட்டில் வைப்பது வீட்டில் பாதுகாப்பு இல்லை என்று கண்டால் மட்டும். அதுவும் சில நாட்கள், சில கிழமைகள்தான்.

மனச்சோர்வு என்று கண்டு மருந்து தொடங்கினால் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற மருந்துகள் பனடோல் மாதிரி அன்றைக்கே வேலை செய்யா. பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். பக்கவிளைவோ முதல் கிழமையிலேயே வந்துவிடும்: குமட்டல், தலையிடி, வயிற்றுக் குழப்பம், சிலருக்குப் பதகளிப்பு. பலன் காணாமல் தொல்லை மட்டும் கண்ட ஆள் ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுவது இதனால்தான். இந்த முதல் கிழமைகளில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். மனம் தெளிய முன்பே உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடுவது உண்டு, முன்பு எழும்பவே தெம்பில்லாமல் கிடந்தவருக்கு இப்போது நினைத்ததைச் செய்யத் தெம்பு வந்திருக்கும். மருந்தை நீங்கள் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுங்கள். சுகம் கண்டபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தக்கூடாது, வைத்தியர்தான் படிப்படியாகக் குறைப்பார். வாட்டில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் கிழமையும் முதல் மாதமும் அதே அளவு கவனம் கேட்கும் காலம். “சுகமாகி வந்துட்டான்” என்று எல்லாரும் கையை விடுவதும் அப்போதுதான்.

“செத்துப்போ” என்று யாரோ காதில் சொல்கிறார்கள், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு வருத்தம், அன்றைக்கே வைத்தியசாலை.

குடி. சாராயமோ கசிப்போ, உள்ளே போனதும் தடுக்கும் புத்தி தளர்கிறது. குடித்த இரவுதான் கூடுதல் காவல் வேண்டிய இரவு. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஆறு மணித்தியாலத்தில் இருந்து இரண்டு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றினால் அது உயிராபத்து. எவ்வளவு குடிக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பாதுகாப்பாக நிறுத்த மருந்து இருக்கிறது.

கோயிலுக்கும் பரிகாரியிடமும் போவதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். மட்டக்களப்புக்காரர் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூர்க்காரர் பகிடி பண்ணுவார்கள், நமக்கே அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நூல் கட்டட்டும், நேர்த்தி வைக்கட்டும், அம்மாவின் மனதுக்கு அது வேண்டும். எல்லை இவ்வளவுதான்: இங்கிலீசு மருந்தை நிறுத்து என்றால், பட்டினி போடு, அடி, கட்டிவை என்றால், அந்த வாசலை விட்டு வந்துவிடுங்கள். வைத்தியசாலைக்குப் போகும் நாளைச் சாத்திரத்துக்காகத் தள்ளவும் வேண்டாம்.

காவல் முறையைப் பகலிலேயே பேசி முடியுங்கள். அம்மா தனியே இரவு முழுக்க விழித்திருந்தால் மூன்றாம் நாள் அயர்ந்துவிடுவார். நீங்கள், உங்கள் கணவர், கூட்டாளி, இன்னொரு உறவு என்று நாலு பேராவது மாறி மாறிப் படுங்கள். நள்ளிரவுக்குப் பிந்தி விடியும்வரை உள்ள நேரம்தான் நித்திரையில்லாதவருக்குக் கொடியது. பொலிஸ்காரர் மாதிரிப் பின்னால் திரிய வேண்டாம், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தால் போதும். வெள்ளாப்பில் வயலுக்குத் தனியே போக விடாதீர்கள். உங்கள் பக்கம் இரவில் யானைப் பயம், மாரியில் பாதையில் வெள்ளம். ஆகவே அவசரம் என்றால் யாருடைய வான், எந்தப் பாதை என்பதை இன்றைக்கே தீர்மானியுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம், தமிழில் பேசலாம். வீட்டு இலக்கம் சொல்லி அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். பாடசாலை, கோயில், சந்தி என்று அடையாளம் சொல்லி, ஒருவர் ரோச் லைற்றோடு றோட்டில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் மீறி ஏதாவது குடித்துவிட்டார் அல்லது விழுங்கிவிட்டார் என்று சந்தேகம் வந்தால்கூட, உறுதிப்படுத்த நேரம் செலவழிக்காமல் வைத்தியசாலை. உப்புத் தண்ணீர், முட்டை, சவர்க்காரத் தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். சத்தி மூச்சுக்குழாய்க்குள் போய் ஆளைக் கொல்லும். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். உடுப்பில் மருந்து பட்டிருந்தால் கழற்றிவிட்டுத் தோலைத் தண்ணீரால் கழுவுங்கள், உங்கள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போத்தலையோ வெற்று அட்டையையோ கட்டாயம் எடுத்துப் போங்கள், லேபலைப் பார்த்துத்தான் எதிர்மருந்தைத் தீர்மானிப்பார்கள். “இப்ப நல்லா இருக்கான், கதைக்கான்” என்று வீட்டில் வைத்திருப்பதுதான் பெரிய பிழை. சில வயல் மருந்துகளும் சாதாரணக் குளிசைகளும் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் உள்ளே ஈரலையும் நுரையீரலையும் தின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கு எதிர்மருந்து இருந்தாலும் முதல் சில மணித்தியாலத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன்.

தம்பி கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு பின்னேரம், ஒரு கொப்பித் தாளில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். அந்த எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அடையாளம் என்ன (நெஞ்சு இறுகுவது, கடன்காரர் கோல், குடிக்கத் தோன்றுவது). வந்தால் தனியாக என்ன செய்யலாம் (குளிப்பது, முற்றத்தில் நடப்பது, பாட்டுப் போடுவது). யாரோடு போய் இருந்தால் மனம் மாறும். யாரிடம் விஷயத்தையே சொல்லலாம். எந்த இலக்கத்துக்கு எடுக்கலாம். வீட்டில் எந்தப் பொருள் இருக்கக்கூடாது. நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் தாள், பொக்கெற்றில் இருக்காது. இலக்கங்கள்: 1926, அங்கொடைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை, இரவு பகல் எந்த நேரமும், தமிழிலும். 1333 என்ற உளவளத்துணை இலக்கத்திலும் இலவசமாகப் பேசலாம், பேர் சொல்லத் தேவையில்லை.

கடனைப் பற்றி இரவு இரண்டு மணிக்குப் பேச வேண்டாம். மருந்து தொடங்கி நித்திரை கொஞ்சம் வந்தபின், பகலில், ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியாயிற்று, மிச்சம், ஈடு என்ன, பிணை யார். எழுதாத கடன் மனதுக்குள் இரட்டிப்பாகத் தெரியும். சொன்ன வேலை தராத ஏஜென்சி பதிவு பெற்றதாக இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம், 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, பாஸ்போட்டின் பிரதிகள் தேவைப்படும். அனுமதி பெற்ற நிதி நிறுவனம் கிழமைக் கடனுக்காக வீட்டு வாசலில் வந்து நின்று அவமானப்படுத்தினால் மத்திய வங்கியின் 1935 க்கு முறைப்பாடு செய்யலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். மனைவியோடு பேச ஒரு நடுவர் வேண்டும் என்றாலும் அங்கே கேட்கலாம். உளவளத்துணையாளர் மருந்து எழுத முடியாது என்பதால் முதலில் வைத்தியசாலை, பிறகு அல்லது கூடவே அவர். கடன்காரர் வந்தால் இப்போதைக்குத் தம்பியிடம் அனுப்பாமல் உங்கள் கணவர் முன்னுக்கு நிற்கட்டும். “வெருட்டுறான்” என்றவருக்கு அது நல்ல வேலை.

நீங்கள் இருபது நாளாக நித்திரை கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1926 தம்பிக்கு மட்டும் உரிய இலக்கம் அல்ல, பக்கத்தில் இருப்பவரும் எடுக்கலாம். இன்றிரவு காவலைக் கூட்டாளியிடம் விட்டு, கைத்தொலைபேசியைச் சத்தத்தில் போட்டுவிட்டு, உங்கள் வீட்டில் படுங்கள். நாளைக் காலை பஸ்ஸுக்கு நீங்கள்தான் அவரோடு போக வேண்டும்.